காய்க்கடைக்குள் நான்கு பூதங்கள்: ஓவியர் வைத்தது எது, நாம் ஏற்றியது எது?

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் நான்கு பெரிய சந்தைப் படங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். காய்கறிக் கடைக்கு ‘நிலம்’, மீன் கடைக்கு ‘நீர்’, கோழிக் கடைக்குக் ‘காற்று’, ஒரு சமையலறைக்கு ‘நெருப்பு’ என்று பெயர் போட்டிருக்கிறது. இது ஓவியரே நினைத்ததா, பின்னால் வந்த அறிஞர்கள் ஒட்டியதா? ஃபிளமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியங்களில் வரும் எல்லா மீன் கடையும் நீரின் உருவகம்தானா? அப்புறம், பூதம் ஐந்தாயிற்றே, ஆகாயம் எங்கே? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். முட்டைக்கோஸ் வரைந்திருக்கும் படத்தில் முட்டைக்கோஸைத் தாண்டி எவ்வளவு தூரம் அர்த்தம் தேடலாம் என்பதே அது.

கலை வரலாறு படித்து, பல ஆண்டுகளாகப் பதினாறாம் நூற்றாண்டு வட ஐரோப்பிய ஓவியங்களை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இறையியல் என் துறை இல்லை. எனவே பைபிள் காட்சிகளைப் பற்றிப் பேசும்போது ஓவியத்தின் பக்கம் நின்றுதான் பேச முடியும். முதலில் சுருக்கமான விடை: அந்த நான்கு படங்களும் சேர்ந்து நான்கு பூதங்களைக் குறிக்கின்றன என்பது ஏறக்குறைய உறுதி. ஒவ்வொரு காய்க்கும் கூடைக்கும் தனிப்பொருள் உண்டு என்பது சந்தேகம். எல்லா மீன் கடையும் நீர்தான் என்பது தவறு.

இவற்றை வரைந்தவர் ஆண்ட்வெர்ப் நகரத்து யோவாகிம் பியூக்கெலார். நிலமும் நீரும் 1569-இல், காற்றும் நெருப்பும் 1570-இல் வரையப்பட்டவை. நான்கும் துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள். ஒவ்வொன்றும் சுமார் 158 செ.மீ. உயரம், 215 செ.மீ. அகலம். முன்னால் நின்றால் கடைக்காரிகள் கிட்டத்தட்ட நம் அளவில் இருப்பார்கள், கூடைகள் நம் பக்கம் சரிந்து விழுவதுபோல இருக்கும். நேஷனல் கேலரி 2001-இல் நான்கையும் சேர்த்தே வாங்கியது. ஒரே அளவு, அடுத்தடுத்த ஆண்டுகள், ஒரே கை. தொடராகத் திட்டமிட்ட வேலை என்பதற்கு இதுவே வலுவான ஆதாரம்.

ஆனால் தொடர் என்று சொல்லிவிட்டால் மட்டும் அது பூதங்களின் தொடர் ஆகிவிடாது. எனக்கு நம்பிக்கை தருவது நான்காவது படம். மற்ற மூன்றும் சந்தை. அது மட்டும் சமையலறை. சந்தையையே நான்கு விதமாக வரைய நினைத்த ஒருவர் நான்காவதாக இறைச்சிக் கடையைப் போட்டிருப்பார். ஆண்ட்வெர்ப்பில் அதற்குப் பஞ்சமில்லை, அதை வரைந்து காட்டிய முன்னோடியும் குடும்பத்திலேயே இருந்தார் (அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்). அதை விட்டுவிட்டு அடுப்படிக்குள் ஏன் போனார்? நிலத்தில் காய் விளைகிறது, நீரில் மீன் வாழ்கிறது, காற்றில் பறவை பறக்கிறது. நெருப்பில் எதுவும் விளைவதில்லை, வாழ்வதும் இல்லை. பழைய நம்பிக்கையில் நெருப்புக்குள் வாழும், பல்லி போன்ற சாலமாண்டர் உண்டுதான். அச்சுப்படங்களில் நெருப்பைக் குறிக்க அதைப் போடுவார்கள். சந்தையில் சாலமாண்டர் விற்க முடியாதே. அதனால் மற்ற மூன்று பூதங்களின் விளைச்சலும் வந்துசேரும் இடமாகச் சமையலறையை எடுத்துக்கொண்டார். பெண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கோழி வாத்துகளைச் சமையலுக்குத் தயார் செய்கிறார்கள். இந்த ஒரு விலகலுக்கு, பூதங்கள் என்ற திட்டத்தைத் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தெரிந்தவரை யாரும் சொன்னதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். நிலம், நீர், காற்று, நெருப்பு என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த அறிவியலில் கனமானதிலிருந்து இலேசானதுக்குப் போகும் வரிசை. ஓவியங்களில் உள்ள ஆண்டுகளும் அதே வரிசையில் போகின்றன. ஆனால் முதல் இரண்டும் ஒரே ஆண்டு, கடைசி இரண்டும் ஒரே ஆண்டு. அதனால் இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன்; பொருந்திப்போகிறது, அவ்வளவுதான்.

ஆகாயம் எங்கே என்ற கேள்வி நம்மவர்களுக்குத்தான் வரும், நியாயமான கேள்விதான். ஐரோப்பிய மரபில் கிரேக்கத் தத்துவவாதி எம்பெடாக்ளிஸ் காலத்திலிருந்தே உலகப் பொருள்களுக்கு மூலம் நான்கு. அரிஸ்டாட்டில் ஐந்தாவதாக ஈதர் என்று ஒன்றைச் சேர்த்தார், ஆனால் அது நிலவுக்கு மேலே உள்ள வானுலகத்துக்கு மட்டும். நிலவுக்குக் கீழே பிறந்து அழியும் எதிலும் அது கலப்பதில்லை. கடையில் விற்பதெல்லாம் அழுகும் பொருள்தானே; ஐந்தாவதுக்கு அங்கே வேலையில்லை. தவிர, இந்த நான்கும் தனியாக வருவதில்லை. நிலம் குளிர்ச்சியும் வறட்சியும், நீர் குளிர்ச்சியும் ஈரமும், காற்று வெப்பமும் ஈரமும், நெருப்பு வெப்பமும் வறட்சியும் கொண்டவை. அதோடு உடலின் நான்கு நீர்மங்கள், நான்கு குணங்கள், நான்கு பருவங்கள் என்று எல்லாம் நான்கு நான்காக ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. படித்த ஆண்ட்வெர்ப்காரர் ஒருவருக்கு இந்த அடுக்கு மனப்பாடம்.

அந்தக் காலத்தில் இது பிரபலமான விஷயமும்கூட. வியன்னா அரண்மனையில் மிலான்காரர் ஆர்சிம்போல்டோ, பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனுக்காக மீன்களாலேயே ஒரு முகம், பறவைகளாலேயே ஒரு முகம் என்று பூதங்களை வரைந்தது 1566-ஐ ஒட்டி, அதாவது பியூக்கெலாருக்குச் சில ஆண்டுகள் முன்புதான். ஆண்ட்வெர்ப்பிலேயே மார்ட்டன் டே வோஸ் வரைந்து கொடுக்க, ஆட்ரியன் கொலார்ட் செம்புத்தகட்டில் செதுக்கிய பூதங்களின் அச்சுத் தொடர் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குபவர்கள் நான்கு படம் சேர்ந்த தொகுப்பைப் பார்த்ததுமே ‘பருவமா, பூதமா?’ என்று கேட்கும் பழக்கத்தில் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பின்னணிக்கு வருவோம். படம் சுவாரசியமாவதும் குழம்புவதும் அங்கேதான். ஒவ்வொரு படத்திலும் காய்க்கும் மீனுக்கும் பின்னால், தூரத்தில், கையகல அளவில் ஒரு பைபிள் காட்சி இருக்கிறது. நிலத்தில் குழந்தை இயேசுவோடு யோசேப்பும் மரியாளும் எகிப்துக்குத் தப்பிப்போகிறார்கள். நீரில், உயிர்த்தெழுந்த கிறிஸ்து திபேரியா கடற்கரையில் சீடர்களுக்குத் தோன்ற, வலை நிறைய மீன். காற்றில், சொத்தை வாங்கிக்கொண்டு போய் ஊதாரித்தனமாகத் தொலைத்த கெட்ட குமாரன். நெருப்பில் மார்த்தாள், மரியாள் வீட்டில் கிறிஸ்து: அக்கா சமையல் வேலையில் பரபரக்க, தங்கை காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இவற்றில் இரண்டு சட்டென்று பொருந்துகின்றன. நீருக்கு மீன்பிடி அற்புதம், சமையலறைக்கு மார்த்தாள். மற்ற இரண்டும் அப்படி உட்காரவில்லை. கெட்ட குமாரனுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? காற்று வெப்பமும் ஈரமும் உள்ளது, இரத்தத்தோடும் உல்லாச குணத்தோடும் சேர்ந்தது, பறவைக்கும் காமத்துக்கும் அந்த ஊர்ப் பேச்சில் தொடர்புண்டு, ஆகவே விலைமாதர் வீட்டில் காசைத் தொலைத்தவன் அங்கே வருகிறான் என்பது வழக்கமான விளக்கம். நம்பக்கூடியதுதான், ஆனால் மூன்று படி ஏறிச் சுற்றி வருகிறது. நிலத்துக்கு எகிப்துப் பயணம் ஏன் என்பதற்கு இந்த அளவுக்குக்கூட விளக்கம் இல்லை. தரைவழிப் பயணம் என்பார்கள். எனக்கு அது ஒப்பேற்றும் பதிலாகவே தோன்றுகிறது.

அதைவிட எளிய விடை குடும்பத்துக்குள் இருக்கிறது. பியூக்கெலாருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பீட்டர் ஆர்ட்சன்; பியூக்கெலாரின் அத்தையைக் கட்டியவர், நம் வழக்கில் மாமா. ஆம்ஸ்டர்டாம்காரர், ஆண்ட்வெர்ப்பில் வந்து தொழில் செய்து, பிறகு ஊர் திரும்பியவர். 1551-இல் அவர் வரைந்த இறைச்சிக் கடை, ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கிறது. தோலுரித்த மாட்டுத் தலை, தொத்திறைச்சி, பன்றிக்கால், மீன் எல்லாம் முன்னால் குவிந்து கிடக்க, நடுவே ஓர் இடைவெளியில் எகிப்துக்குப் போகும் மரியாள் பிச்சைக்காரனுக்கு ரொட்டி கொடுக்கிறாள். மேலே ஒரு பலகையில் ‘பின்புறம் 154 கோல் நிலம் விற்பனைக்கு, பிரித்தோ மொத்தமாகவோ’ என்ற விளம்பரம். நிலம் வாங்கி மனை பிரித்து விற்கும் தொழில் அப்போதே ஆண்ட்வெர்ப்பில் கொழித்துக்கொண்டிருந்தது. ஆக, கடைக்குப் பின்னால் எகிப்துப் பயணத்தை வைப்பது பூதங்கள் தொடருக்கு 18 ஆண்டுகள் முன்பே மாமா போட்டுக்காட்டிய கோலம். சமையலறைக்குப் பின்னால் மார்த்தாள் வீட்டை வைப்பதும் அவர் 1552-லும் 1553-லும் செய்ததே. பியூக்கெலாரும் 1566-இல் ஒரு பெரிய சமையலறைப் படத்தில் செய்திருக்கிறார், அது இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. கையில் ஏற்கெனவே இருந்த கூட்டணிகளைத்தான் பூதத் திட்டத்துக்குள் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார். கொலுப்படி மாதிரி: படி நான்கு என்பது முடிவானது, எந்தப் படியில் எந்தப் பொம்மை என்பது வீட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கட்டடங்களும் இப்படித்தான். பின்னணியில் தெரியும் ரோமானியப் பாணி வளைவுகளையும் தூண்களையும் பார்த்து ஆண்ட்வெர்ப்பின் எந்தத் தெரு என்று தேட வேண்டாம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோவின் நூலில் இருந்த அச்சுப்படங்களை ஆர்ட்சனும் பியூக்கெலாரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்த நூலை 1539 முதல் ஆண்ட்வெர்ப்பிலேயே பீட்டர் குக் உள்ளூர் மொழியில் வெளியிட்டு வந்தார். கையில் கிடைத்த நல்ல அச்சுப்படம் ஓவியத்தின் வாசலாகிவிடும்.

இந்தப் பட்டறைப் பழக்கம் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு காய்க்கும் அர்த்தம் தேடும் ஆசை கொஞ்சம் அடங்கும். பியூக்கெலாரின் படங்களை வரிசையாகப் பார்த்தால் அதே பெண், அதே கை நீட்டல், அதே கூடை வேறு வேறு படங்களில் திரும்பத் திரும்ப வரும். மாதிரிகளை வைத்துக்கொண்டு இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார். ஒரே கூடை இங்கே பூமியின் வளம், அங்கே உலக ஆசையின் கேடு, இன்னொரு இடத்தில் காமம் என்று படத்துக்குப் படம் மாறுகிறது என்றால், அர்த்தம் கூடையில் இல்லை, கூடையை வைத்த இடத்தில் இருக்கிறது. ‘நீர்’ படத்தில் பன்னிரண்டு வகை மீன் இருப்பதாக எண்ணி, பன்னிரண்டு சீடர்களைக் குறிக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. பின்னணியில் சீடர்களும் இருப்பதால் அதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் எண்ணிக்கை வாதங்களில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கை குறைவு; எதிர்பார்த்த எண் வந்தால் எழுதுகிறோம், பதின்மூன்று வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இதே மாதிரி சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொன்று, ‘1566-இல் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் தேவாலயங்களில் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள், பீடத்து ஓவியங்களுக்கு ஆர்டர் நின்றுபோனது, அதனால் ஓவியர்கள் சந்தைக்கு வந்தார்கள்’ என்ற கதை. உடைப்பு நடந்தது உண்மை. அந்த ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் பேராலயமும் தப்பவில்லை. ஆர்ட்சன் வரைந்த பீடத்து ஓவியங்கள் அந்தக் கலவரங்களில் அழிந்ததை, 1604-இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய கரேல் வான் மாண்டர் வருத்தத்தோடு பதிவு செய்கிறார். ஆனால் இறைச்சிக் கடை 1551-இல் வந்துவிட்டதே! உடைப்புக்கு 15 ஆண்டுகள் முன்பே இந்த வகை பிறந்துவிட்டது. பிறகு அது வேகமாக விற்றதற்கு 1566 ஒரு காரணமாக இருக்கலாம், பிறந்ததற்கு இல்லை.

பிறந்ததற்குக் காரணம் தேடினால் நகரத்தைப் பார்க்க வேண்டும். அப்போது ஆண்ட்வெர்ப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஆல்ப்ஸுக்கு வடக்கே மிகப் பெரிய வணிகச் சந்தை. வாங்குவது, விற்பது, விலை பேசுவது எல்லார் கண்முன்னும் நாள் முழுக்க நடந்தது. அதோடு, படித்தவர்கள் மத்தியில் ஒரு பழைய ரோமானியக் கதை ஓடியது. முடிதிருத்தும் கடை, செருப்புத் தைக்கும் கடை, கழுதை, தின்பண்டம் என்று அற்பமானவற்றையே வரைந்து, பெரிய விஷயங்களை வரைந்தவர்களைவிட அதிக விலைக்கு விற்ற பெய்ரைக்கஸ் என்ற கிரேக்க ஓவியரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஆர்ட்சனை அந்தப் பெய்ரைக்கஸோடு ஒப்பிட்டு ஹாலந்து அறிஞர் யூனியுஸ் பாராட்டியிருக்கிறார். பெரியதைச் சிறிதாகவும் சிறியதைப் பெரிதாகவும் போடும் இந்தத் தலைகீழ் விளையாட்டு, படித்த வாங்குபவர்களுக்குப் புரிந்த, பிடித்த விளையாட்டு. பூதங்கள் என்ற உயர்ந்த தத்துவத்தை முட்டைக்கோஸ் குவியலாகக் காட்டுவதும் அதே விளையாட்டின் அடுத்த ஆட்டம்தான்.

அப்படியானால் படம் நம்மைக் கண்டிக்கிறதா, கொண்டாடுகிறதா? இதில் அறிஞர்கள் இரண்டு பட்டவர்கள். ஒரு சாரார், முன்னால் கிடக்கும் சாப்பாட்டில் மயங்கிப் பின்னால் இருக்கும் கிறிஸ்துவைத் தவறவிடுகிறாய் என்று படம் இடித்துச் சொல்வதாகப் படிக்கிறார்கள். மார்த்தாளிடம் ‘தேவையானது ஒன்றே’ என்று இயேசு சொன்னது அவர்களுக்குச் சாவி. மறு சாரார், இது செழிப்பைக் கொண்டாடும் ஓவியம், பைபிள் காட்சி ஒரு சாக்கு என்பார்கள். நெருப்புப் படத்துக்கு முதல் கட்சி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. நீர்ப் படத்துக்கு அது ஒட்டவே இல்லை: அங்கே பின்னணியில் கிறிஸ்துவே வலை நிறைய மீன் தருகிறார், முன்னால் பலகை நிறைய மீன் இருக்கிறது. இதில் கண்டிக்க என்ன இருக்கிறது? நான்கு படத்துக்கும் ஒரே மனநிலையைத் திணிப்பதால்தான் இந்தச் சண்டை முடியாமல் இருக்கிறது என்பது என் கருத்து.

சரி, இரண்டாவது கேள்வி. வேறு மீன் கடைகளைப் பார்த்தாலும் நீர் என்று சொல்லலாமா? கூடாது. பியூக்கெலாரே வேறு சந்தைப் படங்களில், ரோமானிய ஆளுநர் பிலாத்து கிறிஸ்துவைக் கூட்டத்தின் முன் நிறுத்தும் காட்சியைப் பின்னால் வைத்திருக்கிறார். அங்கே சந்தைக் கூட்டம் ‘சிலுவையில் அறையும்’ என்று கத்திய கூட்டத்தோடு கலக்கிறது. பூதத்துக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த தலைமுறைக்கு வந்தால், ஆண்ட்வெர்ப்பின் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ் வரைந்த நான்கு பிரம்மாண்டமான கடைகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தில் வால்போல் குடும்பத்திடம் இருந்து 1779-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் வாங்கியவை. மீன், வேட்டை இறைச்சி, பழம், காய்கறி. நான்கு என்றதும் பூதம் என்று கை பரபரக்கும். ஆனால் பழமும் காயும் இரண்டுமே நிலம், நெருப்பு எங்கேயும் இல்லை. ஆகவே நான் அவற்றைக் கடைகளாகவே பார்க்கிறேன். ஃபிளாண்டர்ஸில் இருந்து ஜெர்மனிக்குப் போன லூக்காஸ் வான் ஃபால்கன்போர்க்கின் சந்தைப் படங்கள் பருவங்களைக் குறிப்பவை. அங்கே காய்கறி நிலத்தைச் சொல்லவில்லை, வருடத்தில் எந்த நேரம் என்பதைச் சொல்கிறது.

எதிர்ப்பக்கத்தில், பூதங்கள் என்று சந்தேகமே இல்லாத தொடர்களில் சந்தை பெரும்பாலும் வருவதே இல்லை. மூத்த யான் புருகல், மிலான் கர்தினால் ஃபெதரிகோ பொரோமெயோவுக்காக வரைந்த நான்கையும் பாருங்கள். நெருப்பு 1608, காற்று 1621. நெருப்பில் உலோகப் பட்டறை, நீரில் மீனும் சிப்பியும், காற்றில் பறவைகள் சூழ்ந்த தேவதை, நிலத்தில் விலங்குகள் நிறைந்த ஏதேன் தோட்டம். விலை பேச யாரும் இல்லை. 1796-இல் நெப்போலியன் படை நான்கையும் பாரிஸுக்குக் கொண்டுபோனது. நெருப்பும் நீரும் மிலானுக்குத் திரும்பின, காற்றும் நிலமும் இன்றும் லூவரில் இருக்கின்றன. புருகலோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பியூக்கெலார் செய்தது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று தெரிகிறது. தேவதைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கடைக்காரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

யாருக்காக வரைந்தார் என்பதைச் சொல்லும் ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. பலகையில் வரையாமல் துணியில் வரைந்திருப்பதாலும், பியூக்கெலாரின் படங்களுக்கு இத்தாலியில் நல்ல வரவேற்பு இருந்ததாலும், தூரத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். துணியைச் சுருட்டலாம், பலகையைச் சுருட்ட முடியாது. இத்தாலியப் பிரபுக்களான ஃபர்னேசே குடும்பம் சேர்த்த பியூக்கெலார் படங்கள் நேப்பிள்ஸ் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; கிரெமோனா ஓவியர் வின்சென்சோ காம்பி 1580-களில் வரைந்த பழக்காரிகளும் மீன்காரர்களும் இந்த ஆண்ட்வெர்ப் படங்களைப் பார்த்து வந்தவை. இவ்வளவு பெயர் வந்தும் மனிதருக்குக் காசு வரவில்லை. பியூக்கெலார் அற்பக் கூலிக்கு வேலை செய்ததையும், அந்தோனிஸ் மோர் என்ற பெரிய ஓவியரின் உருவப்படங்களில் உடைகளை வரைந்துகொடுக்க நாள்கூலிக்குப் போனதையும், இறந்த பிறகே விலை ஏறியதையும் வான் மாண்டர் எழுதியிருக்கிறார்.

கேட்டவர் லண்டன் போக வாய்ப்பிருந்தால் நெருப்பில் இருந்து தொடங்குங்கள். முதலில் கோழியையும் கைகளையும் பாருங்கள், அப்புறம் பின்னால் மார்த்தாள் வீட்டைத் தேடுங்கள். பிறகு மற்ற மூன்றுக்கும் போனால், சமையலறைக்கு வந்த சாமான் எந்தக் கடையில் இருந்து வந்தது என்று உங்களுக்கே பிடிபடும். நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. போக முடியாவிட்டால் அவர்களுடைய இணையதளத்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டு. பின்னணிக் காட்சிகளை மட்டும் பொறுத்தவரை நேரில் பார்ப்பதைவிட அதில்தான் நன்றாகத் தெரியும்.